கீமோ குமட்டலுக்கு அக்குபிரஷர்: எங்கே, எப்போது, எந்தக் கையில்

"அந்தப் பட்டை ஒன்றுக்கும் உதவவில்லை" என்று குமட்டலுக்காக மணிக்கட்டில் மாட்டும், பொத்தான் வைத்த அக்குபிரஷர் பட்டையை இரண்டாவது கீமோவோடு கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதை எப்படி அணிந்திருந்தார்கள் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். கடிகாரம் கட்டும் இடத்தில் பட்டை கிடக்கும், பொத்தான் மணிக்கட்டு ரேகையின் மேலேயோ பக்கவாட்டு எலும்பின் மேலேயோ உட்கார்ந்திருக்கும். அழுத்த வேண்டிய புள்ளியோ அங்கிருந்து முழங்கை நோக்கி மூன்று விரற்கடை தள்ளி இருக்கிறது. இடம் தவறினால் பட்டை வெறும் அலங்காரம்தான்.

புள்ளியின் பெயர் பி-6. பிசி-6 என்றும் எழுதுவார்கள், சீனப் பெயர் நெய்குவான். கண்டுபிடிப்பது கடினமில்லை, ஆனால் அவசரத்தில் செய்யக்கூடாது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கையோடு சேரும் இடத்தில் ஓடும் ரேகையைப் பாருங்கள். இரண்டு மூன்று ரேகைகள் இருந்தால் உள்ளங்கைக்கு மிக அருகில் இருப்பதே கணக்கு. மற்றொரு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒட்டவைத்து, மோதிரவிரலின் ஓரம் ரேகையைத் தொடும்படி குறுக்கே வையுங்கள். ஆள்காட்டி விரலின் மேல் ஓரம் எங்கே முடிகிறதோ அதுதான் உயரம். அந்த உயரத்தில், கையின் நடுவே, இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளம்தான் புள்ளி.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, உடன் இருப்பவர் தன் விரல்களால் அளப்பது. அளவு நோயாளியின் உடம்புக்குரியது, அவருடைய விரற்கடைதான் செல்லும். தடித்த விரல்கள் கொண்ட மகன் மெலிந்துபோன அம்மாவின் கையில் அளந்தால் புள்ளி ஒரு விரல் தள்ளிப்போகும். இரண்டாவது, தசைநாண் தெரியவில்லை என்று குத்துமதிப்பாக அழுத்துவது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோல எழும்பி நிற்கும். அதற்குக் கட்டைவிரல் பக்கம் இன்னொன்று தட்டுப்படும். சிலருக்கு அந்த நடுத் தசைநாண் பிறவியிலேயே இருக்காது, ஒரு கையில் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். அது குறையல்ல. அவர்கள் கட்டைவிரல் பக்கத் தசைநாணைக் கண்டுபிடித்து, அதற்கு ஒட்டியே சுண்டுவிரல் பக்கமாக அழுத்தினால் போதும். இடம் சரியாகத் தெரிந்ததும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், சோர்ந்து கிடக்கும்போது, மறுபடி அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

அழுத்துவது கட்டைவிரலின் சதைப்பகுதியால். நகத்தால் அல்ல. டோசிடாக்சல் போன்ற மருந்துகளில் நகமே பெயர்ந்து வரும் நிலையில் இருக்கலாம், தோலும் மெலிந்திருக்கும். நேராக எலும்பை நோக்கி இறக்கி, தோல் வழுக்காமல் அதே இடத்தில் மிகச் சிறிய வட்டமாக உருட்டலாம், அல்லது அசையாமல் பிடித்திருக்கலாம். மந்தமான கனம், லேசான வலி, உள்ளங்கை வரை பரவும் ஒரு இழுவை வந்தால் இடமும் அழுத்தமும் சரி. வலியைப் பத்துக்கு அளந்தால் நான்கைத் தாண்ட வேண்டியதில்லை. நடுவிரலுக்கு மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஓடினால் அடியில் இருக்கும் நடு நரம்பை நேரடியாக நசுக்குகிறீர்கள் என்று பொருள். விரலைத் துளி நகர்த்துங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு கைக்கும் 2 முதல் 3 நிமிடம். "வலிக்க வலிக்கத்தான் பலன்" என்பது இந்த விஷயத்தில் தவறான பேச்சு. கீமோ எடுப்பவரின் உடம்பில் அது கன்றிப்போன நீலத் தழும்பைத்தான் விட்டுச்செல்லும்.

நேரம்தான் அடுத்தது. பலரும் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

கீமோ குமட்டல் ஒரே குமட்டல் அல்ல. மருந்து ஏறிய முதல் 24 மணி நேரத்தில் வருவது உடனடிக் குமட்டல். அதற்குப் பிறகு ஐந்தாம் நாள் வரை இழுப்பது தாமதக் குமட்டல். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை எடுத்தவர்களுக்கு இது 48 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். மூன்றாவது வகை, மருத்துவமனை வாசலைக் கண்டதும், ஸ்பிரிட் வாசனை மூக்கில் பட்டதும், மருந்து ஏறும் முன்பே வருவது. முன்சுற்றுகளில் பட்ட பாட்டை உடம்பு நினைவில் வைத்துக்கொள்வதால் வருகிறது.

முதல் நாளுக்கு ஆன்டான்செட்ரான், டெக்சாமெதசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் என்று வலுவான மருந்துகள் இருக்கின்றன. அவை வாந்தியை நன்றாகவே அடக்குகின்றன. குமட்டலை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. அதுவும் வீட்டுக்குத் திரும்பிய இரண்டாம், மூன்றாம் நாட்களில், நர்ஸ் பக்கத்தில் இல்லாதபோது, வாந்தியும் வராமல் சாப்பிடவும் முடியாமல் நாள் முழுக்க ஓங்கரிப்பாகவே இருக்கும். விரல் அழுத்தத்துக்கு வேலை இருப்பது அங்கேதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 160 பெண்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பி-6-ஐ அழுத்தியவர்களுக்குத் தாமதக் குமட்டலும் வாந்தியும் குறைந்தன, உடனடிக் கட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் நாளில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டாம் நாள் விட்டுவிடுபவர், பலன் தொடங்கும் முன்பே எழுந்துபோகிறார்.

எத்தனை முறை அழுத்துவது என்பதற்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீ 1980-களில் கீமோ நோயாளிகளுக்குப் பி-6-இல் ஊசி வைத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது, ஆனால் சுமார் 8 மணி நேரத்தில் தேய்ந்துபோனது. பிறகு பொத்தான் வைத்த எலாஸ்டிக் பட்டையை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னபோது அது நீடித்தது. பட்டை தன்பாட்டுக்கு வேலை செய்யும் என்று மாட்டிவிட்டு மறப்பதற்கும், அதை அழுத்திக்கொண்டே இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் இது.

ஆகவே வரிசை இப்படி: மருந்து ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு முதல் சுற்று. வாசலிலேயே குமட்டுகிறவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே. மருந்து ஏறும்போது கை அனுமதித்தால் மறுபடியும். அன்று மாலையிலிருந்து ஐந்தாம் நாள் இரவு வரை, விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு ஒன்று விழும்படி வைத்துக்கொண்டால் நல்லது. குமட்டல் ஏறும்போது கூடுதலாக. வாந்தி தொடங்கியபின் அழுத்தி நிறுத்தப் பார்ப்பது பெரும்பாலும் வீண், ஓங்கரிக்கும் கையில் புள்ளியும் நிற்காது. தூக்கத்தைக் கெடுத்து இரவில் எழுப்பி அழுத்த வேண்டாம், தூக்கம் அதைவிடப் பெரிய மருந்து.

மாத்திரை விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. இரண்டாம், மூன்றாம் நாளுக்கென்று எழுதிக்கொடுத்த டெக்சாமெதசோனையோ ஓலன்சபினையோ "இன்றைக்குப் பரவாயில்லை, அழுத்திக்கொண்டால் போதும்" என்று தள்ளிவைப்பவர்கள் உண்டு. அந்த மாத்திரைகள் குமட்டல் வந்தபின் விரட்டுவதற்கு அல்ல, வராமல் காப்பதற்கு. ஒரு வேளை விட்டால் அடுத்த நாள் முழுக்க அனுபவிக்க வேண்டியிருக்கும். விரல் அழுத்தம் மாத்திரையோடு சேர்ந்து நிற்பது, அதற்குப் பதிலாக நிற்பதல்ல.

இந்த இடத்தில் கணக்கை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் கடுமையான கீமோ எடுத்த 104 பெண்களில், ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சரைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஐந்து நாட்களில் வாந்தி இடைநிலையாக 5 முறை, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 15 முறை. பெயருக்கு ஊசி வைத்தவர்களுக்கு 10 முறை. ஊசி நின்றதும் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. அதே சமயம் 2013-இல் பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் மணிக்கட்டுப் பட்டையைச் சோதித்தபோது, உண்மைப் பட்டைக்கும் பொய்ப் பட்டைக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் இடையே உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: மின்தூண்டல் வலுவானது, விரல் நடுத்தரம், வெறும் பட்டை கடைசி. கவனிப்பும் எதிர்பார்ப்பும் செய்யும் வேலை இதில் கணிசமாகக் கலந்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. செலவும் இல்லை, கெடுதியும் இல்லை என்ற எல்லைக்குள் நிற்கும்வரை அது ஒரு குற்றமல்ல.

கெடுதி இல்லை என்றேன். அது எந்தக் கை என்று கேட்டபின்தான் உண்மையாகும்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில் பட்டையும் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். அந்தக் கை வீங்கும் அபாயம் ஆயுள் முழுக்க இருக்கிறது, இறுக்கமான எதுவும் அதற்கு ஆகாது. பிக் லைன், அதாவது மருந்து ஏற்றக் கையின் ரத்தக்குழாயில் செருகிவைக்கும் நீண்ட குழாய், போட்ட கையும் அப்படியே. சலைன் ஏறும் ஊசி புறங்கையிலோ முன்கையிலோ இருந்தால் அந்தக் கையை விட்டுவிடுங்கள். டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும், அந்தக் கையில் உருட்டி அழுத்துவது விளையாட்டல்ல. இரு பக்கமும் அழுத்தினால்தான் பலன் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், ஒரு கை போதும். மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கடியில் போர்ட் என்ற சிறு கருவி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு கையும் காலியாக இருக்கும்.

பட்டை அணிகிறவர்கள் பொத்தான் தோலைப் பார்க்கும்படி, பேனாப் புள்ளியின் மேலேயே மாட்ட வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். விரல்கள் வீங்கினால், நிறம் மாறினால், மரத்தால் உடனே கழற்றுங்கள். கீமோ நாளில் சலைன் ஏறியபின் கை சற்று உப்பும், காலையில் சரியாக இருந்த பட்டை மாலையில் இறுகிவிடும். குளிக்கும்போது கழற்றித் தோலைப் பாருங்கள். பள்ளம் விழுந்து சிவந்து அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அன்றைக்கு மற்றக் கை.

மணிக்கட்டில் கட்டும் சிறு மின் கருவிகள் பி-6 இடத்தில் நடு நரம்பைத் தூண்டுபவை. ஜெல் தடவாமல் கட்டினால் சுள்ளென்று குத்துமே தவிரத் தூண்டாது. ஒலியளவு கூட்டுவதுபோல் ஒவ்வொரு படியாகக் கூட்ட, உள்ளங்கையிலும் நடுவிரலிலும் சிலிர்ப்பு பரவ வேண்டும். பரவாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள், கருவியை நகர்த்துங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதயமருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஊசி முறை அக்குபங்சருக்குப் போகிறவர்கள் அன்றைய ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்துப்போக வேண்டும். பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை 500-க்குக் கீழே என்றால் ஊசி கிடையாது. 1000-க்குக் கீழேயே தள்ளிப்போடுபவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள், அவர்தான் தொழில் தெரிந்தவர். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனால் விரல் அழுத்தத்தையும் வருடல் அளவுக்குக் குறைக்க வேண்டும். 20,000-க்கு அருகில் என்றால் அழுத்தவே வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசிதானா என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? காதிலோ தோலிலோ நாள்கணக்கில் குத்தியே விட்டுவைக்கும் குறு ஊசிகள் கீமோ காலத்தில் தொற்றுக்கு வாசல் திறப்பவை. அதற்குப் பதில் ஒட்டுப்பட்டையோடு காதுப் புள்ளியில் ஒட்டி அழுத்தும் சிறு விதைகள் போதும். மூன்று நான்கு நாளில் கழற்றி, தோல் காய்ந்தபின் அடுத்த காதில் ஒட்டலாம். ஒட்டுப்பட்டை அரித்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

குமட்டலோடு வயிறு மந்தமும் சோர்வும் இருந்தால் காலில் உள்ள எஸ்டி-36 என்ற புள்ளியையும் சேர்ப்பது வழக்கம். முழங்காலை மடக்கி உட்காருங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி இருக்கும், அங்கிருந்து நான்கு விரற்கடை கீழே, முன்கால் எலும்பின் கூரிய விளிம்பிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் வெளியே. பாதத்தை மேலே தூக்கினால் அந்த இடத்துத் தசை எழும்பும். கையைவிடச் சற்று அழுத்தமாகவே பிடிக்கலாம்.

ஆனால் காலைத் தொடும் முன் இரண்டு கெண்டைக்கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புற்றுநோயும் கீமோவும் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது அழுத்திவிடுகிற கால் அல்ல. பிசையாமல், நீவாமல், அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய கால். எலும்புக்குப் பரவியிருப்பதாக ஸ்கேன் சொன்ன இடங்களிலும் கட்டி இருக்கும் இடத்திலும் அழுத்தமே கூடாது. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள எல்ஐ-4, உள் கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் உள்ள எஸ்பி-6 இரண்டையும் கர்ப்பிணிகளுக்கு அழுத்துவதில்லை என்பது இந்தத் துறையின் பழைய விதி. கர்ப்ப காலத்தில் கீமோ எடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோர்வுக்கு இந்த முறை குமட்டலைவிட மெதுவாக வேலை செய்கிறது. சிகிச்சை முடிந்தும் சோர்வு விடாத 288 பெண்களிடம் 2016-இல் வெளியான ஆய்வில், கற்றுக்கொடுத்த புள்ளிகளை இரண்டு குழுவினர் தாங்களே தினமும், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று 6 வாரம் அழுத்தினார்கள். சோர்வு குறைந்தது. தளர்த்தும் வகைப் புள்ளிகளை அழுத்தியவர்களுக்குத் தூக்கமும் சீரானது. இரண்டு நாள் அழுத்திவிட்டுத் தெம்பு வரவில்லை என்பவர்களுக்கு ஆறு வாரம் என்ற எண்தான் பதில். ரத்தசோகையால் வரும் சோர்வு எந்தப் புள்ளிக்கும் மசியாது, ஹீமோகுளோபினை முதலில் பாருங்கள்.

கைகால் மரத்துப்போவதற்கு அழுத்தினால் சரியாகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஊசி முறையில் சிலருக்கு நிவாரணம் கிடைக்கிறது, ஆனால் பரிந்துரை செய்யும் அளவுக்கு ஆதாரம் இன்னும் திரளவில்லை என்பதே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் எடுத்த நிலை. மரத்த காலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூலிகைத் திரியைக் கொளுத்திப் புள்ளியருகே சூடு காட்டும் மொக்சா முறையில், சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடும். அந்தப் புகையின் வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடுவது வேறு கதை. கேப்சிடபின் எடுத்து உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிகிறவர்களுக்கு அங்கே உராய்வும் அழுத்தமும் எரிச்சலைக் கூட்டும், அந்தப் பகுதிப் புள்ளிகளை மறந்துவிடுங்கள். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய முதல் சில நாட்கள் குளிர்ந்த உலோகக் குச்சியாலோ சில்லிட்ட கையாலோ தொடாதீர்கள். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட்டால் போதும்.

எல்லா வாந்தியும் கீமோ வாந்தி அல்ல. ஒரு நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, வயிறு உப்பிக் காற்றும் பிரியவில்லை, காலையில் தலைவலியோடு வாந்தி, பேச்சில் குழப்பம்: இவற்றில் எது இருந்தாலும் புள்ளி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேரம் எதுவானாலும் மருத்துவமனைதான்.

ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள், மாத்திரை எடுத்த நேரம், அழுத்திய நேரம், குமட்டல் 0 முதல் 10 வரை எவ்வளவு, வாந்தி எத்தனை முறை, என்ன சாப்பிட முடிந்தது. ஒரு வரி போதும். இரண்டு சுற்று எழுதினாலே உங்கள் உடம்பில் குமட்டல் எந்த நாளில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும், அடுத்த சுற்றில் அதற்கு முந்தைய நாள் காலையிலேயே தொடங்கலாம். ஒழுங்காக அழுத்தியும் எண் 5-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் விரலின் பலத்தைக் கூட்டாதீர்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டி, அடுத்த கீமோவுக்கு முன் வாந்தி மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.